செஸ்னா 172: 50 மணி நேர, 100 மணி நேரச் சோதனைகளைச் செய்யும் முறை

கோயம்புத்தூர்ப் பக்கம் மோட்டார் பம்பு ஷாஃப்ட் தேய்ந்தாலும் விசைத்தறிப் பல்சக்கரம் உடைந்தாலும் காலையில் பட்டறையில் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் புதிதாகக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அந்தக் கைத்திறன் இந்த மண்ணின் சொத்து. விமானத்தில் மட்டும் அது செல்லாது. விமானத்துக்கென்றே தரம் வகுத்த ஏஎன் போல்ட்டைப் போலவே ஒரு போல்ட்டை லேத்தில் கடைந்துவிடலாம். அது எந்தக் கலப்பு உலோகம், எப்படிப் பதப்படுத்தியது, எந்தத் தொகுப்பில் வந்தது என்று சொல்லும் சான்றிதழைக் கடைய முடியாது. சான்றிதழ் இல்லாத பாகம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் விமானத்தில் ஏறக்கூடாது. இந்த ஒன்றில் உறுதியாக இருந்தால் மீதி வேலைக்கு நம் ஊர்ப் பட்டறைக் கைகளும் கண்களும் தாராளமாகப் போதும்.

50, 100 மணி நேரம் என்பது விமானம் பறந்த நேரக் கணக்கு. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது செஸ்னா 172 எஸ் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம், அதில் உள்ள லைகமிங் ஐஓ-360-எல்2ஏ எஞ்சின்: நான்கு சிலிண்டர், 180 குதிரைத்திறன். பழைய 172 எம், என், பி மாடல்களுக்கும் முறை ஏறக்குறைய இதுதான், எண்கள் மாறும். உங்கள் விமானத்தின் கையேட்டுப் பதிப்பில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி. வேலையைக் கற்றுக்கொள்பவர் செய்யலாம், ஆனால் பறக்க விடுவிக்கும் சான்றில் கையெழுத்திட டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) உரிமம் பெற்ற ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) வேண்டும். பிஸ்டன் எஞ்சின் விமானத்துக்கு அது பி1.2 பிரிவு.

தொடங்குவதற்கு முன்

புரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினையுங்கள். பிளக்குகளில் பொறி உண்டாக்க மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. சாவியை ஆஃபில் வைத்தால், ஒரு மெல்லிய கம்பி மேக்னெட்டோவை எஞ்சின் உடலோடு இணைத்து அதை ஊமையாக்குகிறது. அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி கையில் இருந்தாலும் மேக்னெட்டோ வேலை செய்யும். கையால் அரைச் சுற்று திருப்பினாலே எஞ்சின் உதைத்துக் கிளம்பலாம். அதனால் சோதனைக்கு முன்பு எஞ்சினை ஓடவிடும்போது, ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) சாவியை ஒரு நொடி ஆஃபுக்குக் கொண்டுபோய்த் திருப்புங்கள். எஞ்சின் அடங்க வேண்டும். அடங்காமல் ஓடினால் அந்தக் கம்பியைச் சரிசெய்யும் வரை வேறு வேலை இல்லை.

துடைக்கும் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கப் பட்டறைகள் எல்லாவற்றிலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் கிடக்கும். வெளியே கிரீஸ் துடைக்க அது நல்லது. எரிபொருள் வடிகட்டி, இன்ஜெக்டர், ஆயில் ஃபில்டர் அமரும் இடம் இவற்றுக்கு அது ஆகாது. அதன் நூல் பிசிறு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய், நூலிழை அளவுத் துவாரம் உள்ள இன்ஜெக்டர் முனையில் உட்கார்ந்துகொள்ளும். அங்கெல்லாம் பிசிறு விடாத துணியை மட்டுமே பயன்படுத்துங்கள். கருவிகளை எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வையுங்கள். ஸ்பானர் ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை கவுலிங் (எஞ்சினின் மேலுறை) மூடக்கூடாது.

எரிபொருளை வடித்துப் பார்த்தல்

இது தினமும் முதல் பறப்புக்கு முன்பும், ஒவ்வொரு முறை எரிபொருள் நிரப்பிய பிறகும் செய்ய வேண்டியது. 172 எஸ்ஸில் மொத்தம் 13 வடிகால்கள்: இறக்கைக்கு ஐந்து, அடிவயிற்றில் மூன்று. பலர் இறக்கையில் ஒன்றிரண்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் தங்குவது மிகத் தாழ்ந்த இடத்தில், அதாவது அடிவயிற்றில் உள்ள அந்த மூன்றில்தான்.

விமானத்தை ஹேங்கரிலிருந்து தள்ளுவதற்கு முன்பே வடியுங்கள். தள்ளினால் அடியில் படிந்த நீர் கலங்கிவிடும். கோப்பையை வெள்ளைப் பின்னணியில் பிடித்துப் பாருங்கள். பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான பெட்ரோலான அவ்காஸ் 100எல்எல் வெளிர் நீலமாக இருக்கும். கோப்பையின் அடியில் குமிழ் போல நிறமற்று உருள்வது தண்ணீர். கோப்பை முழுவதும் தண்ணீராகவே வந்தால் பிரியும் கோடு தெரியாது, "சுத்தமாக இருக்கிறது" என்று கண் ஏமாறும். அதனால்தான் நிறத்தையும் வாசனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். தண்ணீர் வந்தால், வராமல் நிற்கும் வரை வடியுங்கள். பிறகு இறக்கைகளை மெதுவாக ஆட்டி, சற்று நேரம் விட்டு, மறுபடியும் வடியுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பெரும்பாலும் எரிபொருள் மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருக்கும். ஐப்பசி மழையில் வெளியே நின்ற விமானத்தில் அது முதல் சந்தேகம்.

பீப்பாயிலிருந்து நிரப்புவதென்றால் பீப்பாயை அசைக்காமல் நிறுத்தி வைத்து, அடியில் இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு, நீர் பிரிக்கும் வடிகட்டி வழியாகவே எடுங்கள். ஜெட் எரிபொருள் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். அவ்காஸ் ஆவியாகித் தடமில்லாமல் போகும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையத்தை விட்டுச் செல்லும். சாலையோர பங்கில் கிடைக்கும் பெட்ரோலை அவசரத்துக்கும் ஊற்றக் கூடாது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், எரிபொருள் அமைப்பின் பழைய ரப்பர்களைக் கெடுக்கும். ஆக்டேனும் இந்த எஞ்சினுக்குப் போதாது.

ஆயில் மாற்றுதல்: 50 மணி நேரம்

முழுப் பாய்வு ஃபில்டர் உள்ள லைகமிங் எஞ்சினுக்கு 50 மணி நேரம் அல்லது 4 மாதம், எது முந்துகிறதோ அது. வலை மட்டும் உள்ள பழைய எஞ்சினுக்கு 25 மணி நேரம். மாதக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் பறக்காமல் நிற்கும் விமானத்துக்கு மணிக் கணக்கைவிட மாதக் கணக்குதான் முக்கியம்.

எஞ்சினைச் சூடாக்கி, சூட்டோடு வடியுங்கள். ஆறிய ஆயிலில் கசடு அடியில் தங்கிவிடும். ஆயில் ஆய்வுக்கு மாதிரி எடுப்பதானால் முதல் ஓட்டத்தையும் கடைசி ஓட்டத்தையும் விட்டு நடுவில் பிடியுங்கள். வடிந்துகொண்டிருக்கும்போதே ஃபில்டரைக் கழற்றுங்கள். ஆயில் தங்கும் சம்பின் உள்ளே உறிஞ்சு வலை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிடும் வழக்கம் உண்டு, விடக்கூடாது. பெரிய துண்டுகள் ஃபில்டருக்கு வரும் முன்பே அங்கே சிக்கிவிடும்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள். எஞ்சினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்வது அதுதான். அதற்கென்றே உள்ள வெட்டியால் வெட்டுங்கள். ஹாக்ஸா பிளேடு போட்டால் பிளேடின் தூளே உள்ளே விழுந்து, எஞ்சின் தேய்கிறது என்று பயமுறுத்தும். மடிப்புத் தாளை விரித்துப் பிழிந்து, வெளிச்சத்தில் ஆட்டிப் பாருங்கள். கருப்புத் துகள் விரலில் நசுங்கினால் கரி, அது வழக்கமானது. நசுங்காமல் மினுங்குவது உலோகம். காந்தத்தில் ஒட்டினால் கேம், டேப்பெட், ரிங் என்று இரும்பு வகைகளில் தேடுங்கள். ஒட்டாத வெள்ளி மினுக்கம் அலுமினியமாக இருக்கலாம். லைகமிங்கில் பிஸ்டன் பின்னின் முனை அடைப்பான்கள் தேய்வது அறிந்த ஒன்று. மஞ்சள் மினுக்கம் வெண்கலம், வால்வ் கைடையோ புஷ்ஷையோ பாருங்கள். புதிய அல்லது ஓவர்ஹால் ஆன எஞ்சினில் முதல் சில மாற்றங்களில் கொஞ்சம் உலோகம் வருவது சகஜம். அதற்குப் பிறகு அளவு கூடிக்கொண்டே போனால்தான் கவலை. அதனால் ஒவ்வொரு முறையும் பார்த்ததைத் தேதியோடு எழுதி, தாளின் ஒரு துண்டை உறையில் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் அதன் உறையில் சொன்ன மசகைத் தடவி, 16 முதல் 18 அடி-பவுண்டு முறுக்கத்தில் இறுக்குங்கள். கையால் "போதும்" என்று தோன்றும் இறுக்கம் ஒருவருக்கொருவர் மாறும், டார்க் ரென்ச் மாறாது. பிறகு 0.032 அங்குல லாக் வயர், அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. வயர் இழுக்கும் திசை ஃபில்டரை இறுக்கும் திசையாக இருக்க வேண்டும். திசை மாறினால் கட்டியிருந்தும் கட்டாததுதான்.

சம்பு கொள்ளளவு 8 குவார்ட், ஏறத்தாழ ஏழரை லிட்டர். பறக்கக் குறைந்தபட்சம் 5 குவார்ட். மூன்று மணி நேரத்துக்கும் குறைந்த வழக்கமான பறப்புக்கு 7 போதும். அதற்கு மேல் ஊற்றினால் எஞ்சின் மிச்சத்தைப் பிரீதர் குழாய் வழியே அடிவயிற்றில் துப்பிவிடுகிறது, அவ்வளவுதான். வகையைப் பொறுத்தவரை, லைகமிங் 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் எஸ்ஏஇ 50ஐயும் 27 டிகிரிக்கு மேல் எஸ்ஏஇ 60ஐயும் அனுமதிக்கிறது. ஈரோடு, சேலம், கரூர் வெயிலில் பங்குனி முதல் ஆவணி வரை எந்நாளும் 27ஐத் தாண்டும். எல்லாப் பருவத்துக்கும் ஒன்றே என்றால் விமானத்துக்கான மல்டிகிரேடு ஊற்றலாம். கார் ஆயில் வேண்டாம். அதன் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பலாகி, எரி அறையில் கனன்று நின்று, நேரத்துக்கு முன்பே எரியூட்டி பிஸ்டனைத் துளைக்கும்.

ஆயில் ஊற்றியதும் எஞ்சினைக் கிளப்பி, 30 நொடிக்குள் அழுத்தமானி ஏறுகிறதா பாருங்கள். ஏறாவிட்டால் உடனே அணையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடிய பிறகு அணைத்து, ஃபில்டர் அடியில் டார்ச் அடித்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கவுலிங்.

காற்று வடிகட்டியும் பாலக்காட்டுக் காற்றும்

ஆனியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் செம்மண்ணையும் தென்னை நார்த் தூளையும் வாரி இறைக்கும். மற்ற ஊர்களில் 100 மணி நேரம் தாங்கும் தாள் வடிகட்டியை இங்கே அந்த மாதங்களில் 50 மணி நேரத்திலேயே வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து திரும்பப் போடுவது நம் பழக்கம். அதிக அழுத்தத்தில் ஊதினால் தாளின் இழை விரிந்து, வடிகட்டுவதுபோல் தோன்றிக்கொண்டே மண்ணை உள்ளே விடும். வடிகட்டியைவிட அது உட்காரும் விளிம்பை இன்னும் கவனமாகப் பாருங்கள். ரப்பர் விளிம்பு சுருங்கியிருந்தால் உட்பக்கக் குழாயை விரலால் தடவும்போதே மண் தட்டுப்படும்.

ஆயில் ஆய்வறிக்கையில் சிலிக்கான் ஏறியிருந்தால் அது பெரும்பாலும் மண்தான். கூடவே இரும்பும் குரோமியமும் ஏறினால் அந்த மண் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அறுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அண்மையில் எஞ்சினில் சிலிக்கான் பசை பூசியிருந்தாலும் அறிக்கையில் சிலிக்கான் ஏறும். அதையும் நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

பிளக்குகள்

சிலிண்டருக்கு இரண்டு, ஆக எட்டு. எட்டுத் துளையுள்ள தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். எது எங்கிருந்து வந்தது என்பது அவசியம் தெரிய வேண்டும். அவ்காஸ் 100எல்எல் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் கொண்டது. அது சாம்பல் நிறக் குண்டுமணிகளாகக் கீழ் பிளக்குகளில் சேரும். நிலத்தில் ஓடும்போது மிக்சரை (காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை) குறைக்காத பயிற்சி விமானங்களில் இது நிச்சயம். ஈயக் குண்டுகளைக் கூரான முனையால் மெதுவாகத் தட்டி எடுங்கள். மணல் வீச்சை ஒரு சில நொடிக்கு மேல் கொடுக்காதீர்கள். பீங்கான் தேய்ந்தால் பிளக் போயிற்று.

இடைவெளி 0.016 முதல் 0.021 அங்குலம். மீட்டரில் உள் மின்தடை 5,000 ஓமைத் தாண்டினால் மாற்றுங்கள். கைதவறிக் கீழே விழுந்த பிளக் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். பீங்கானில் ஏற்பட்ட மயிரிழை விரிசல் தரையில் தெரியாது, ஏறும்போது முழு அழுத்தத்தில்தான் தெரியும்.

திருப்பிப் போடும்போது இடம் மாற்ற வேண்டும். எரி வரிசை 1-3-2-4. ஒன்றாம் சிலிண்டரின் கீழ் பிளக் மூன்றாவதின் மேலே, மூன்றாவதின் கீழ் பிளக் இரண்டாவதின் மேலே, இரண்டிலிருந்து நான்குக்கு, நான்கிலிருந்து ஒன்றுக்கு. மேல் பிளக்குகள் அதே வரிசையில் கீழே. மேக்னெட்டோ ஒவ்வொரு பொறிக்கும் மின்திசையை மாற்றுகிறது. ஒரே இடத்தில் இருக்கும் பிளக்கில் ஒரு முனை மட்டும் தேயும். வரிசையில் அடுத்த சிலிண்டருக்குப் போனால் அடுத்த முனை தேயும். மேல்கீழ் மாறுவதால் ஈயமும் எரிந்து போகும். புது செப்பு வாஷர், இரண்டாவது புரியிலிருந்து கொஞ்சமாக ஆன்டி-சீஸ் (புரி இறுகிப் பிடிக்காமல் இருக்கப் பூசும் பசை), 30 முதல் 35 அடி-பவுண்டு முறுக்கம். முதல் புரியில் பூசினால் அது சூட்டில் வழிந்து முனையைக் குறுக்கிணைக்கும்.

கம்ப்ரஷன் சோதனை

நூறு மணி நேரச் சோதனையிலேயே அதிகம் தெரிவிப்பதும் அதிக ஆபத்துள்ளதும் இதுதான். சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசியாமல் நிற்கிறது என்று பார்க்கிறோம். அந்தக் காற்று பிஸ்டனைத் தள்ளும்போது புரொப்பெல்லர் கோடாலி போலச் சுழலும். ஒருவர் புரொப்பெல்லரை மட்டும் பிடிக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை தரக்கூடாது.

எஞ்சினை இயல்பான வெப்பத்துக்குக் கொண்டுவந்து, அணைத்து, ஆறுவதற்குள் தொடங்குங்கள். ஆறிய எஞ்சினில் எண்கள் குறைந்தே வரும். சாவி வெளியே, மிக்சர் நிறுத்தத்தில், எரிபொருள் வால்வு மூடி. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல் பிளக்கைக் கழற்றுங்கள். முதலில் 20 பிஎஸ்ஐ அளவு கொடுத்துக்கொண்டு புரொப்பெல்லரை மெதுவாகத் திருப்பி, அழுத்த வீச்சில் பிஸ்டன் உச்சிக்கு வருவதை உணருங்கள். பிறகு 80க்கு ஏற்றி, ரிங் உட்கார இப்படியும் அப்படியும் இம்மியளவு அசைத்து, சிலிண்டருக்குள் நிற்கும் அழுத்தத்தைக் காட்டும் இரண்டாவது மானியைப் படியுங்கள். 74 என்றால் 74/80 என்று எழுதுவது வழக்கம்.

எல்லா சிலிண்டரும் 70க்கு மேல், ஒன்றுக்கொன்று 5 பிஎஸ்ஐக்குள் என்றால் நிம்மதி. 65க்குக் கீழே போனால் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. அடுத்தடுத்த 100 மணி நேரத்தில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். 60க்குக் கீழே போனாலோ ஒரேயடியாக இறங்கினாலோ சிலிண்டரை இறக்கும் பேச்சு. ஆனால் ஒரே ஒரு குறைந்த எண்ணைப் பார்த்து உடனே சிலிண்டரை அவிழ்க்க வேண்டாம். வால்வ் இருக்கையில் ஒரு கரித்துகள் இருந்தாலே எண் குறையும். எஞ்சினை மறுபடி ஓட்டிச் சூடாக்கி, மறுபடி அளவெடுங்கள்.

எண் ஒரு பங்குதான் சொல்லும், மீதியைக் காது சொல்லும். எக்ஸாஸ்ட் குழாயில் "உஸ்" என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று நுழைவாயிலில் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் டிப்ஸ்டிக் துளையில் கேட்டால் ரிங். எக்ஸாஸ்ட் வால்வு என்றால் போரஸ்கோப்பை (துளை வழியே உள்ளே பார்க்கும் கருவி) உள்ளே விடுங்கள். நல்ல வால்வின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை நிற வட்டங்கள் சமமாக இருக்கும். ஓர் ஓரத்தில் மட்டும் பிறை போல நிறம் மாறியிருந்தால் அங்கே சூடு வழிந்துகொண்டிருக்கிறது, வால்வு எரியத் தொடங்கிவிட்டது. அந்த விமானத்தைப் பறக்க விடாதீர்கள்.

வெயில், பஃபிள், எக்ஸாஸ்ட்

கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி. அங்கே 38 டிகிரி அடித்தால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 4,400 அடி உயரத்துக்குச் சமம். அந்த மெல்லிய காற்றுதான் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டும். காற்று முன்னால் நுழைந்து, மேலிருந்து கீழாக சிலிண்டர்களைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளுக்கிடையே இறங்க வேண்டும். அப்படி இறங்க வைப்பது பஃபிள் தகடும் அதன் ஓரத்து ரப்பர் பட்டையும். பட்டை காற்று வரும் பக்கமாக, உள்ளே வளைந்து கவுலிங்கோடு ஒட்டி நிற்க வேண்டும். பின்னோக்கி மடிந்திருந்தால் காற்று அங்கேயே தப்பிவிடும். ஹேங்கரை இருட்டாக்கி, அடியில் விளக்கு வைத்து மேலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் குளிர்ச்சி கசியும் இடம். ஆயில் சூடு ஏறுகிறது என்று புகார் வந்தால் கூலரை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள், பாதி வழக்கு இங்கேயே தீரும்.

மஃப்ளரைச் சுற்றியுள்ள உறையைக் கழற்றாமல் எக்ஸாஸ்ட் சோதனை முடிந்ததாகச் சொல்லக் கூடாது. கேபினுக்குச் சூடான காற்று வருவது அந்த உறை வழியாகத்தான். உள்ளே விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். நம் ஊரில் யார் ஹீட்டர் போடப் போகிறார்கள் என்று விட்டுவிட வேண்டாம். ஹீட்டர் வால்வு முழுதாக மூடாவிட்டால் ஹீட்டர் போடாமலேயே வரும். இணைப்புகளில் சாம்பல் வெள்ளைத் தடம் தெரிந்தால் கசிவு. விரிசலைக் குறிக்க எக்ஸாஸ்ட்டில் பென்சிலால் கோடு போடாதீர்கள். சூட்டில் பென்சில் கரி உலோகத்துக்குள் ஊறி, கோடு போட்ட இடத்திலேயே விரிசல் விடும்.

சக்கரமும் பிரேக்கும்

முன் சக்கரம் 5.00-5, காற்று 45 பிஎஸ்ஐ. பின் சக்கரங்கள் 6.00-6, காற்று 42 பிஎஸ்ஐ. காலையில் ஆறிய டயரில் அளவெடுங்கள். மண் தரையில் நிற்கும் விமானத்தில் நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும் தேடி எடுங்கள், மெதுவாக இறங்கும் காற்றுக்கு அவைதான் முதல் காரணம். பிரேக் லைனிங் 0.100 அங்குலத்துக்குக் கீழே போனால் மாற்றுங்கள். பிரேக்குக்கும் முன்கால் ஸ்ட்ரட்டுக்கும் சிவப்பு நிற மினரல் ஹைட்ராலிக் எண்ணெய், எம்ஐஎல்-எச்-5606. காருக்கான பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் ஊதி, பிரேக் பிடித்த பிடியை விடாது. சக்கர பேரிங்கை முதல் 100 மணி நேரத்திலும் பிறகு 500க்கு ஒருமுறையும் கழுவி கிரீஸ் வைக்கச் சொல்வார்கள். புழுதியில் ஓடும் விமானத்துக்கு ஒவ்வொரு 100 மணி நேரமும் செய்யுங்கள், இந்தப் பக்கத்துக்கு அதுதான் பொருந்தும்.

பயிற்சி விமானத்தில் முன்கால் முதலில் தரைதட்டுவது நடக்கும், எல்லாரும் சொல்ல மாட்டார்கள். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியில் சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கம் இருந்தால் முன்கால் அடி வாங்கியிருக்கிறது. வாலடியில் உள்ள கட்டும் வளையம் தேய்ந்திருந்தால் வால் தரையில் உரசியிருக்கிறது.

கட்டுப்பாடுகள், உடல், இருக்கை

கம்பிகளின் மேல் துணியைப் பிடித்து இழுத்துச் செல்லுங்கள். அறுந்த இழை துணியில் மாட்டும். கையால் தடவினால் சதையில் மாட்டும். கப்பிகளுக்கு அருகில்தான் இழை அறுகிறது, அதனால் அந்த இடத்தைக் கட்டுப்பாட்டை அசைத்து வெளியே கொண்டுவந்து பாருங்கள். கம்பியின் இறுக்கத்தைச் சரிசெய்யும் டர்ன்பக்கிளுக்கு வெளியே மூன்று புரிக்கு மேல் தெரியக்கூடாது. ரிவெட்டுக்குப் பின்னால் கருப்புக் கோடு வழிந்திருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து ஆடுகிறது. விமானத்தைத் திருப்ப வாலின் கிடைத்தகட்டை அழுத்தும் பழக்கம் இருந்தால் அதன் முன் ஸ்பாரில் (உள்ளே தாங்கும் சட்டத்தில்) விரிசல் தேடுங்கள், பழக்கத்தையும் நிறுத்துங்கள். ஆடிக்காற்றில் வெளியே நின்ற விமானத்தில் வாலில் அசையும் தகடுகளான ரடர், எலிவேட்டர் இவற்றின் நிறுத்தங்களையும் கீல்களையும் பாருங்கள். பூட்டுப் போடாமல் விட்டால் காற்று அவற்றை நிறுத்தத்தில் ஓங்கி அறைந்திருக்கும்.

கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு நட்டைத் தொட்டாலும் இரண்டாவது நபர் தனியாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அப்போது "நகர்கிறதா" என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்தப் பக்கம் நகர்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: யோக்கை (விமானி கையில் பிடிக்கும் சக்கரத்தை) வலப்பக்கம் திருப்பினால் வலது எய்லெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலே. கம்பிகள் மாற்றிக் கட்டப்பட்டு, தடையில்லாமல் அசைந்து, தலைகீழாக வேலை செய்யும் விமானம் ஹேங்கரில் பார்க்க முழு நலமாகவே தெரியும்.

செஸ்னாவில் இருக்கைத் தண்டவாளத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். ஏறும்போது மூக்கு உயர, இருக்கையைத் தண்டவாளத் துளையில் பூட்டும் ஊசி நழுவினால் விமானியின் கால் பெடலை விட்டு விலகி, கை யோக்கை இழுக்கும். அமெரிக்க விமானத் துறையின் 2011-10-09 எண்ணுள்ள ஏர்வொர்த்தினஸ் (பறப்புத் தகுதி) உத்தரவு இதற்காகவே வந்தது. தண்டவாளத் துளை 0.36 அங்குலத்துக்கு மேல் தேய்ந்து அகன்றிருக்கக் கூடாது, பூட்டும் ஊசி குறைந்தது 0.15 அங்குலம் உள்ளே இறங்க வேண்டும். துளைக்குள் சேரும் மண்ணைக் கிளறி எடுத்துவிட்டு அளவெடுங்கள்.

முன் கண்ணாடி அக்ரிலிக். பெட்ரோல், தின்னர், வீட்டில் ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவம் எதுவும் படக்கூடாது, சிலந்தி வலை போல வெடிக்கும். தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவிய பிறகே துணி. கார் கழுவும் உயரழுத்தக் குழாயை விமானத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம். பேரிங் கிரீஸையும் அடித்துத் தள்ளும், கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தம் தரும் ஸ்டாட்டிக் துளைக்குள்ளும் புகும்.

குளவி, மைனா, எலி

ஒரே நாள் மூடாமல் விட்டாலும் மண்குளவி, எதிர்க்காற்றைக் கொண்டு வேகம் காட்ட உதவும் பீட்டோ குழாயில் கூடு கட்டிவிடும். வேகமானி சுழியத்திலேயே நிற்கும். எரிபொருள் தொட்டியின் காற்றுத் துளையிலும் கட்டும், அது இன்னும் மோசம்: தொட்டி உள்ளே உறிஞ்சப்பட்டு, எரிபொருள் இருந்தும் எஞ்சின் பட்டினி கிடக்கும். பீட்டோ குழாயை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதாதீர்கள், கருவியின் உதரத் தகடு சிதைந்துவிடும். இணைப்பைக் கழற்றிய பிறகே சுத்தம். கவுலிங் திறப்பில் ஒரு வைக்கோல் வெளியே நீட்டியிருந்தால் உள்ளே மைனாக் கூடு உண்டு; முழுக் கவுலிங்கையும் இறக்குங்கள். எலி நுழைந்த விமானத்தில் கடித்த வயரைவிட அதன் மூத்திரம் அலுமினியத்தை அரிப்பது பெரிய சேதம். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

நின்றுகொண்டிருக்கும் விமானம்

லைகமிங்கில் கேம் ஷாஃப்ட் எஞ்சினின் மேற்பகுதியில் இருக்கிறது. நின்றால் அதன் மேலுள்ள ஆயில் வடிந்து, ஈரக்காற்றில் துரு புள்ளியாக விழும். பிறகு ஓட்டும்போது அந்தப் புள்ளிகள் டேப்பெட்டைச் சுரண்டி, ஃபில்டரில் இரும்பாக வந்து நிற்கும். இதைத் தடுக்கிறேன் என்று வாரம் ஒருமுறை நிலத்தில் பத்து நிமிடம் ஓட்டுவது நிலைமையை மோசமாக்கும். எரிதலில் உண்டான ஈரம் ஆயிலில் சேரும், அது ஆவியாகும் அளவுக்கு ஆயில் சூடேறாது. ஆயில் வெப்பம் 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் தொடும்படி ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். பறக்க முடியாத நிலையில் மாதக்கணக்கில் நிற்கும் என்றால் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, பிளக் துளையில் ஈரம் உறிஞ்சும் பிளக் மாட்டி, திறப்புகளை அடைத்து வையுங்கள்.

மூடும் முன்

ஓட்டிப் பார்க்கும்போது 1,800 ஆர்பிஎம்மில் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்றுக்கு மட்டும் மாற்றினால் ஆர்பிஎம் வீழ்ச்சி 150க்கு மேல் போகக்கூடாது, இரண்டுக்குமான வித்தியாசம் 50க்குள் இருக்க வேண்டும். வீழ்ச்சியே இல்லாவிட்டால் மகிழ வேண்டாம், அணைத்த மேக்னெட்டோ உண்மையில் அணையாமல் இருக்கலாம். மேக்னெட்டோவுக்கென்று 500 மணி நேரத்தில் தனிச் சோதனை உண்டு, அதன் கணக்கைப் பதிவேட்டில் பாருங்கள்.

உடல், எஞ்சின், புரொப்பெல்லர் மூன்றுக்கும் உரிய பதிவேடுகளில் செய்ததையும், அளந்த எண்களையும், மாற்றிய பாகத்தின் சான்றிதழ் எண்ணையும் எழுதுங்கள். "சோதித்தேன், சரி" என்று எழுதினால் அடுத்த 100 மணி நேரத்தில் வருபவருக்கு ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. 74, 72, 75, 71 என்று நான்கு எண்களை எழுதி வைத்தால், அடுத்த முறை 71 இருந்த இடத்தில் 63 வரும்போது அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியும். சோதனைக்குப் பிந்தைய முதல் பறப்பு முடிந்து வந்ததும் கவுலிங்கை மறுபடி திறந்து, ஃபில்டர் அடி, பிளக் இணைப்பு, எரிபொருள் குழாய் மூட்டுகள் இவற்றில் டார்ச் அடித்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மூடி, பீட்டோ உறையை மாட்டிவிட்டுக் கிளம்பலாம்.